வெள்ளிக்கிழமைத் தாளும் திங்கட்கிழமை வகுப்பும்

தமிழ்நாட்டில் ஆர்.சி. பள்ளி என்று சொன்னால் ஊருக்கே வழி தெரியும். கோயிலை ஒட்டி ஒரு நீளமான கட்டடம், முற்றத்தில் மாதா கெபி, தாளாளராகப் பங்குத்தந்தையோ மடத்துச் சிஸ்டரோ, ஒன்று முதல் ஐந்து வரை வகுப்புகள். உதவிபெறும் பள்ளியாக இருந்தால் ஆசிரியர் சம்பளம் அரசினுடையது; கட்டடமும் நிர்வாகமும் சபையினுடையவை அல்லது மறைமாவட்டத்தினுடையவை. பாடநூல் பக்கத்துத் தெரு அரசுப் பள்ளியில் இருக்கும் அதே நூல். இப்படிப்பட்ட பள்ளியில் கத்தோலிக்கம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் பெரும்பாலோர் காலை ஜெபத்தையும் மறைக்கல்வி வகுப்பையும் காட்டுவார்கள். அது பாதிப் பதில்தான். வெள்ளிக்கிழமைத் தேர்வில் பின்தங்கிய பிள்ளைக்குத் திங்கட்கிழமை என்ன கிடைக்கிறது என்பதில்தான் மீதிப் பதில் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். அதை விளக்க, வாரம் என்ற அளவு இந்தப் பள்ளிகளுக்குள் எப்படி வந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

பிரான்சிஸ் சவேரியார் 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது அவருக்குத் தமிழ் தெரியாது. தெரிந்தவர்களை வைத்து ஜெபங்களைத் தமிழில் பெயர்த்து, தாமே மனப்பாடம் செய்து, மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார். கற்றதை வீட்டில் அப்பா அம்மாவுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது பிள்ளைகளுக்கு அவர் இட்ட வேலை. ஞாயிற்றுக்கிழமைதோறும் பெரியவர், சிறியவர் எல்லாரையும் ஒரே இடத்தில் சேர்ப்பார்; அவர் முன்னே சொல்ல அவர்கள் பின்னே சொல்வார்கள். 1544 தொடக்கத்தில் கொச்சியிலிருந்து அவர் எழுதிய கடிதத்தில் இந்த முறையை விரிவாகச் சொல்கிறார். அவருக்குப் பின் அந்தக் கடற்கரையில் பல்லாண்டு உழைத்த அண்டிரிக் அடிகளார் ஆக்கித் தந்த ‘தம்பிரான் வணக்கம்’ 1578இல் கொல்லத்தில் அச்சானது. இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சான நூல்களில் இன்று நமக்குக் கிடைப்பவற்றுள் அதுவே முதலாவது. பதினாறே பக்கம். வாய்விட்டுச் சொல்லி மனத்தில் இருத்துவதற்கான ஜெபநூல் அது.

ஆக, வாரம் ஒருமுறை கூடுவது, முன்னே ஒருவர் சொல்லப் பின்னே பலர் சொல்வது, சொன்னதையே அடுத்த வாரமும் சொல்வது என்ற பழக்கம் தமிழ்க் கத்தோலிக்கரிடம் பள்ளிக்கூடக் கட்டடங்களைவிட மூத்தது. இதை வெறும் கிளிப்பாடம் என்று தள்ளிவிட முடியாது. ஜெர்மானிய அறிஞர் எபிங்ஹவுஸ் 1885இல் வெளியிட்ட ஆய்வில், கற்றது முதல் சில மணி நேரத்திலும் நாள்களிலும் வேகமாக மறந்துபோகிறது, பிறகு மறதியின் வேகம் தணிகிறது என்று காட்டினார். ஒரே மூச்சில் பலமுறை படிப்பதைவிட இடைவெளி விட்டுத் திரும்பப் படிப்பது நன்றாக நிற்கும் என்பதும் அவர் கண்டது. மனம் மறக்கத் தொடங்கும் நேரத்தில் மறுபடி எடுத்துக் கொடுத்தால் பாடம் ஊன்றிக்கொள்ளும். சின்னப் பிள்ளைக்கு வாரம் அதற்குத் தோதான அளவு. ஆண்டு கண்ணுக்கெட்டாத தூரம். பருவத் தேர்வு வருவதற்குள் தவறு பழகிவிடும். திங்களன்று புதிதாகக் கேட்டதைப் புதனன்று ஒருமுறை தொட்டு, வெள்ளியன்று தானாகச் சொல்ல வைத்தால், இடையில் மறந்தது எது என்பது பிள்ளைக்கும் தெரியும், டீச்சருக்கும் தெரியும்.

ஆனால் ஜெபத்துக்குப் பொருந்துகிற முறை வாசிப்புக்கு அப்படியே பொருந்தாது. சேர்ந்து சொல்லும் ஜெபத்தில் ஒரு பிள்ளை ஒரு சொல்லைத் தவறவிட்டாலும் மற்றவர்களின் குரல் அதைத் தாங்கிக்கொள்ளும்; கூட்டு ஜெபத்தின் அருளே அதுதான். வாசிப்பில் அந்தத் தாங்கல் பிள்ளையை மறைத்துவிடும். இரண்டாம் வகுப்பில் டீச்சர் ஒரு வரி வாசிக்க, முப்பது பிள்ளைகள் கோரஸாகத் திரும்ப வாசிக்கிறார்கள். வராந்தாவில் போகிற ஹெச்.எம். சிஸ்டருக்கு வகுப்பு மிக நன்றாக நடப்பதுபோல் கேட்கும். கடைசி வரிசையில் ஒரு சிறுமி பாடம் முழுவதையும் தடுமாறாமல் சொல்கிறாள். அவள் விரலைப் பாருங்கள்: வாய் மூன்றாவது வரியில் இருக்கிறது, விரல் இரண்டாவது வரியின் நடுவில் நிற்கிறது. அவள் படிக்கவில்லை, காதால் பிடித்ததை ஒப்பிக்கிறாள். புத்தகத்தின் மேல் ஒரு காகிதத்தை வைத்து, வரியின் நடுவில் உள்ள ஒரு சொல்லை மட்டும் திறந்துவிட்டு “இது என்ன கண்ணு?” என்று கேட்டால் விஷயம் வெளியே வரும். வரியின் தொடக்கத்திலிருந்து வாய்க்குள் முணுமுணுத்து அந்தச் சொல் வரும் இடம்வரை போய்ப் பார்ப்பாள். அந்த முணுமுணுப்பே போதும். அவளுக்கு எழுத்து இன்னும் பிடிபடவில்லை. அவளுக்கு மறுபடியும் அதே பாடத்தைக் கோரஸில் கொடுப்பது வீண். கொம்பும் காலும் எழுத்தின் ஒலியை எப்படி மாற்றுகின்றன என்பதிலிருந்து, க, கா, கெ, கே என்று தனியாக உட்கார வைத்துத் தொடங்க வேண்டும்.

கணக்கில் இந்த மறைவு இன்னும் ஆழமானது. மூன்றாம் வகுப்பில் வெள்ளிக்கிழமை ஐந்து கழித்தல் கணக்குகள். 48இலிருந்து 17, 65இலிருந்து 32, 79இலிருந்து 44, 42இலிருந்து 17, 50இலிருந்து 23. ஒரு பையன் முதல் மூன்றையும் சரியாகப் போட்டிருக்கிறான். நான்காவதற்கு 35, ஐந்தாவதற்கு 33. ஐந்துக்கு மூன்று என்று சிவப்பு மையில் போட்டு நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். ஆனால் இரண்டு தவறும் ஒரே தவறு. கூப்பிட்டு “எப்படிப் போட்டே, சொல்லு” என்று கேட்டால் அவன் தயங்காமல் சொல்வான்: “ஏழுல ரெண்டு போனா அஞ்சு டீச்சர், நாலுல ஒண்ணு போனா மூணு.” எந்த எண் மேலே இருக்கிறது என்று பார்க்காமல், பெரியதிலிருந்து சின்னதைக் கழிக்கிறான். முதல் மூன்று கணக்கிலும் பெரிய இலக்கங்களே மேலே இருந்ததால் அவனுடைய முறை தற்செயலாகச் சரியாக வந்தது. அந்த மூன்று சரிகளும் அவனுடைய தவறான முறையை அவனுக்கு உறுதிப்படுத்துகின்றன என்பதுதான் கவலைக்குரியது. கடன் வாங்க வேண்டிய கணக்கு ஒன்றும் தாளில் இல்லாமல் இருந்திருந்தால் அவன் ஐந்துக்கு ஐந்து வாங்கியிருப்பான்.

அவனுக்குத் தேவை மேலும் இருபது கணக்கு அல்ல, நாற்பத்திரண்டு தீக்குச்சிகள். பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டு நான்கு கட்டு, உதிரியாக இரண்டு. “இதிலிருந்து பதினேழு எடுத்துக் கொடு.” ஒரு கட்டை எடுத்து வைக்கிறான். இன்னும் ஏழு வேண்டும்; உதிரியில் இருப்பது இரண்டுதான். கொஞ்சம் யோசித்துவிட்டு, யாரும் சொல்லாமலே இன்னொரு கட்டின் ரப்பர் பேண்டைக் கழற்றுகிறான். அந்த நொடியில்தான் கடன் வாங்கிக் கழித்தல் அவனுக்குப் பிடிபடுகிறது. கையில் மிஞ்சியது இரண்டு கட்டும் ஐந்து குச்சியும். பிறகு அதையே நோட்டில் எழுதச் சொன்னால் 4ஐ அடித்து 3 ஆக்குவது ஏன் என்று அவனே சொல்வான்.

இந்தத் தீக்குச்சி வேலைக்கு நேரம் எப்போது? இங்கேதான் பெரும்பாலான பள்ளிகளில் வாரம் உடைகிறது. வெள்ளியன்று தேர்வு, சனி ஞாயிறு விடுமுறை, திங்களன்று காலை வழிபாட்டுக் கூட்டம் முடிந்ததும் அடுத்த பாடம். பல தொடக்கப் பள்ளிகளில் ஐந்து வகுப்புக்கு ஐந்து ஆசிரியர் கிடையாது. ஒரே டீச்சர் இரண்டு மூன்று வகுப்புகளை ஒரே அறையில் பார்க்கிறார், அத்துடன் பதிவேடு, இணையத்தில் பதிவேற்றம், பயிற்சிக் கூட்டம். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. கொரோனாக் கால இழப்பை ஈடுகட்டத் தமிழக அரசு 2022 ஜூனில் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம், பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் கற்றல் நிலைப்படி பிரித்துப் பயிற்சி கொடுக்கச் சொன்னது. இதில் உள்ள சிந்தனை மிகச் சரியானது: பிள்ளை எந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கிறது என்பதை விட்டுவிட்டு, எந்தப் படியில் நிற்கிறது என்பதைப் பார். அந்தப் பெயர்கள் பிள்ளையின் மேல் நிரந்தரமாக ஒட்டிக்கொண்டால் மட்டும் ஆபத்து. அரும்பில் இருப்பவள் ஆண்டு முழுவதும் அரும்பாகவே இருந்தால், பிரித்ததால் அவளுக்கு ஒரு பயனும் இல்லை. வெள்ளிக்கிழமைத் தாளைப் பார்த்து, ஒவ்வொரு திங்களும் யார் எங்கே உட்கார வேண்டும் என்று மாற்றினால்தான் அதற்கு உயிர் வரும்.

திங்கட்கிழமை முதல் பீரியட்டைப் பற்றிப் பேசும்போது வயிற்றை விட்டுவிட முடியாது. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2024 ஜூலை 15 அன்று ஊரகப் பகுதி உதவிபெறும் பள்ளிகளுக்கும் நீட்டிக்கப்பட்டது. அதைத் தொடங்கிவைத்த இடம் திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியில் உள்ள புனித அன்னாள் தொடக்கப் பள்ளி. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் நகர்ப்புற உதவிபெறும் பள்ளிகளுக்கும் அது வந்தது. சாப்பிடாமல் வந்த பிள்ளையிடம் கட்டைப் பிரித்துக் கழிக்கச் சொல்வது வீண் என்பது எந்த டீச்சருக்கும் தெரியும்.

இனி மறைக்கல்விக்கு வருவோம். இந்தப் பீரியட் மற்றவற்றைப் போன்றதல்ல. அதன் எல்லையைச் சட்டமே வரைந்திருக்கிறது. அரசியலமைப்பின் 30ஆவது பிரிவு சிறுபான்மையினருக்குத் தங்கள் கல்வி நிலையங்களை நிறுவி நடத்தும் உரிமையைத் தருகிறது. 28ஆவது பிரிவின் மூன்றாவது உட்பிரிவோ, அரசு அங்கீகாரமோ நிதியுதவியோ பெறும் நிலையத்தில், சிறுவர் என்றால் காப்பாளரின் சம்மதம் இல்லாமல் யாரையும் சமயப் போதனையிலும் வழிபாட்டிலும் பங்குபெறச் செய்யக்கூடாது என்கிறது. அதனால்தான் ஒரே மணி அடித்ததும் வகுப்பு இரண்டாகப் பிரிகிறது. கத்தோலிக்கப் பிள்ளைகள் மறைக்கல்விக்குப் போகிறார்கள். மற்றவர்களுக்கு நன்னெறி வகுப்பு.

மறைக்கல்விக்கு ஒழுங்கான நூல் உண்டு. மறைமாவட்டத் தேர்வு உண்டு. புதுநன்மைக்குத் தயாராகும் பிள்ளைகளுக்குச் சிஸ்டர் தனியாக நேரம் ஒதுக்குவார். நன்னெறி வகுப்பு பல இடங்களில் யார் கை ஓய்வாக இருக்கிறதோ அவர் தலையில் விழுகிறது. ஒரு கதை, இல்லாவிட்டால் கையெழுத்துப் பயிற்சி, அதுவும் இல்லாவிட்டால் “சத்தம் போடாம உக்காருங்க”. இது சரியில்லை என்பதை உரக்கச் சொல்ல வேண்டும். பல ஆர்.சி. பள்ளிகளில் கிறிஸ்தவர் அல்லாத பிள்ளைகளே கூடுதல். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28 அன்று வெளியிட்ட கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கை, ஏழைகளையும் குடும்பத்தின் அன்பு கிடைக்காதவர்களையும் இந்த நம்பிக்கையைச் சேராதவர்களையும் கத்தோலிக்கப் பள்ளி தனிக் கவனத்தோடு பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறது. அப்படியானால் நன்னெறி வகுப்புக்கும் வாரத் திட்டம் வேண்டும், அதை நடத்துபவருக்குத் தயாரிப்பு நேரம் வேண்டும். ஒரு வாரம் உண்மை பேசுவது, அடுத்த வாரம் பொருளைத் திருப்பிக் கொடுப்பது என்று பட்டியல் போட்டால் போதாது. திங்களன்று கதை கேட்டு, வாரம் முழுதும் அறையில் நடந்ததை வைத்து, வெள்ளியன்று “யாரு பென்சில யாரு திருப்பிக் கொடுத்தீங்க?” என்று பேச வேண்டும். தவக்காலத்தில் உண்டியலில் காசு சேர்க்கும்போது, அது யாருக்குப் போகிறது என்று இரு பிரிவுப் பிள்ளைகளுக்கும் சொல்ல வேண்டும்.

முதல் வெள்ளித் திருப்பலி உள்ள வாரத்தில் தேர்வு நேரம் சுருங்கும். அதைக் குறையாகச் சொல்ல மாட்டேன், வியாழனன்று வைத்துக்கொள்ளலாம். கோயிலுக்குப் போகாத பிள்ளைகளை அந்த நேரத்தில் வகுப்பில் சும்மா உட்கார வைப்பதுதான் வீண். தீக்குச்சிக் கட்டுக்கு அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. பத்துப் பேர் இருக்கும் அறையில் ஒவ்வொருவர் விரலையும் பார்க்கலாம்.

மாற்றத்துக்குப் பெரிய செலவு வேண்டாம். ஆசிரியர்கள் வாரந்தோறும் பாடக்குறிப்பு எழுதித் தலைமையாசிரியரிடம் கையெழுத்து வாங்குகிறார்கள். இந்த வாரம் நடத்தப்போவது மட்டும்தான் அதில் இருக்கும். போன வாரத் தாளில் எந்தப் பிள்ளைக்கு எது நின்றுபோனது, அதற்குத் திங்களன்று என்ன செய்யப்போகிறேன் என்று மேலே இரண்டு வரி எழுதட்டும். மதிப்பெண் வேண்டாம், “விரல் வரியோடு போகவில்லை”, “கட்டைப் பிரிக்கத் தெரியவில்லை” என்று எழுதினால் போதும். ஹெச்.எம். சிஸ்டர் கையெழுத்துப் போடுமுன் அந்த இரண்டு வரியைப் படிக்கட்டும். திங்கள் முதல் பீரியட்டில் அந்தப் பிள்ளைகளோடு டீச்சர் உட்கார முடியும்படி, மீதி வகுப்பைத் தாமே வந்து பார்த்துக்கொள்ளட்டும்.