செவியில் வைத்த அடைக்கலம்

கணவன் மனைவிக்குள் மறைவு கூடாது என்பது நம் இல்லங்களில் வழிவழியாக வரும் கொள்கை. நல்ல கொள்கையே. ஆயினும் அதிலிருந்து ஓர் ஐயம் பிறக்கின்றது. தோழி ஒருத்தி தன் நோயையோ, தன் மகனின் கடனையோ நம்மிடம் மட்டும் கூறிச் சென்றால், அதனைக் கணவரிடம் கூற நாம் கடமைப்பட்டவர்களா? கூறாவிடில் கணவரை வஞ்சித்தவர் ஆவோமா?

நம் இல்லற ஒழுக்கத்திலேயே இதற்கு விடை உண்டு. தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் சத்தியாணுவிரதத்தின் அதிசாரங்கள் ஐந்தினைக் கூறுகின்றது. பொய்யுபதேசம், தனிமையில் நிகழ்ந்ததை வெளியிடல், பொய்ப்பத்திரம் எழுதல், அடைக்கலப் பொருளை அபகரித்தல், பிறர் உட்கருத்தைக் குறிப்பால் அறிந்து வெளிப்படுத்தல் என்பன அவை. இவற்றுள் இரண்டாவதிலும் ஐந்தாவதிலும் கூறப்படுவது முழு உண்மையாகவே இருக்கலாம். ஆயினும் அது விரதத்திற்கு மாசு. சமந்தபத்திர ஆசாரியரும் தமது இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில், ஆபத்தை விளைவிக்கும் உண்மையையும் இல்லறத்தான் உரைக்கலாகாது என்கின்றார்.

அடைக்கலப் பொருளும் மறைசெய்தியும் ஒரே சூத்திரத்தில் அடுத்தடுத்து நிற்பது சிந்தனைக்குரியது. அண்டை வீட்டார் யாத்திரை செல்லுங்கால் ஒப்படைத்த நகையை நம் மகளுக்கு அணிவிக்க மாட்டோம். மகள் நம்முடையவள், நகை நம்முடையதன்று. தோழியின் சொல்லும் அத்தகையதே. கணவரிடம் மறைக்கலாகாதது நம் செய்தி. அவள் செய்தி அவளுக்கே உரியது. "இது ஒருவர் நம்பிக் கூறியது, நான் சொல்வதற்கில்லை" என்று உரைப்பதில் பொய்யும் இல்லை, வஞ்சனையும் இல்லை.

நாட்டின் சட்டமும் நம்பிக்கையை மதிக்கின்றது. மணவாழ்வில் துணைவர் தம்மிடம் கூறியதை வெளியிடுமாறு ஒருவரைக் கட்டாயப்படுத்தலாகாது என 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம் விதித்தது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டமும் அதனைப் பேணுகின்றது. ஆனால் ஒருவர் தம் துணைவருக்கே இழைத்த குற்றத்தை விசாரிக்கையில் இப்பாதுகாப்பு இல்லை.

இவ்விலக்கு நமக்கும் பொருந்தும். ஒரு பெண் அடிக்கப்படுவதையோ, ஒரு குழந்தை துன்புறுத்தப்படுவதையோ அறிந்தும் வாய் மூடியிருத்தல் இரகசியம் காத்தலன்று. இம்சைக்குத் துணை போதலே ஆகும். அங்கும் தடுக்க வல்லவரிடம், வேண்டிய அளவே கூறுதல் முறை.

அன்பினால் நேரும் பிழையும் உண்டு. மருமகளின் மருத்துவ அறிக்கையை, "பிரார்த்தனை செய்யுங்கள்" என்று உறவினர் அனைவரும் உள்ள வாட்ஸ்அப் குழுவில் இடுவோர் உளர். அவர்தம் அன்பில் ஐயமில்லை. ஆயினும் அவளைக் கேட்டார்களா? நோய் நீங்கிய பின்னரும் ஒவ்வொரு திருமண வீட்டிலும் அவள் அதற்கே விடை கூறிக்கொண்டிருப்பாள்.

பிள்ளைகள் நம்மிடம் ஒளிவின்றிப் பேச வேண்டும் என விரும்புகின்றோம். அவர்கள் நேற்று நம்மிடம் கூறியது இன்று அத்தையின் வாயிலிருந்து வருமாயின், நாளை அவர்கள் எதையும் கூறார்.