மானியத்துக்குக் கைநீட்டாதவர்கள்

அமெரிக்க விவசாயக் கொள்கையில் மக்காச்சோளமும் கோதுமையும்தான் என்றும் செல்லப்பிள்ளைகள். பழம், காய்கறி, கொட்டை வகைகளுக்கெனத் தனி மானியத்துக்கு வழிசெய்த சட்டம் 2004-இல்தான் வந்தது. பணம் மாநில வேளாண் துறைகளுக்குப் போய், அங்கிருந்து பல்கலைக்கழகங்களுக்கும் விவசாயச் சங்கங்களுக்கும் பிரிகிறது. தனியொருவர் மட்டும் லாபம் பார்க்கும் திட்டத்துக்குக் காசு கிடையாது.

பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் பகுதியில் தக்காளியும் பூசணியும் பயிரிடும் ஆமிஷ் கிறிஸ்தவர்களுக்கு இந்த மானியத்தில்தான் சிக்கல்.

அரசிடம் கையேந்தினால் கடவுள்மீதும் சபைமீதும் உள்ள நம்பிக்கை தளரும் என்பது அவர்கள் எண்ணம். களஞ்சியம் எரிந்துபோனால் ஊரே கூடி மரச்சட்டங்களைத் தூக்கி நிறுத்திவிடும்; பிறகு காப்பீடு எதற்கு? 1961-இல், அரசின் முதியோர் காப்பீட்டுக்கான சமூகப் பாதுகாப்பு வரியைக் கட்ட மறுத்த ஆமிஷ் விவசாயி ஒருவரின் 3 குதிரைகளை அதிகாரிகள் பறிமுதல் செய்தார்கள், அதுவும் உழுதுகொண்டிருந்தபோதே. 1965-இல் சுயதொழில் செய்யும் ஆமிஷ்களுக்கு அந்த வரியிலிருந்து விலக்கு கிடைத்தது. வருமான வரியும் சொத்து வரியும் அவர்கள் ஒழுங்காகக் கட்டுகிறவர்கள்தான். கொடுப்பதில் தகராறு குறைவு; வாங்குவதில்தான் தயக்கம்.

சரி, மானியக் காசில் தக்காளி நோய்க்கு யாரோ வழி கண்டுபிடித்தால்? காசோலையைத் திருப்பி அனுப்பலாம். வேலி தாண்டி வரும் அறிவை என்ன செய்வது?

ஆமிஷ்களிடையே ஒரே பதில் இல்லை. சாணக்கழிவு செசபீக் விரிகுடாவுக்குப் போகாதபடி ஓடைக்கரையில் வேலி போட, சிலர் அரசு உதவியை வாங்கிக்கொள்கிறார்கள்; வேறு சிலர் அதையும் வேண்டாம் என்கிறார்கள்.