காட்டினால் போதுமா?

ஆசை காட்டி மோசம் செய்வது பாவம் என்று சொல்வார்கள். மோசம் எதுவும் செய்யாமல், ஆசையை மட்டும் காட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து நிம்மதியாகத் தூங்குவது எந்தக் கணக்கில் சேரும்? பெரம்பலூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் ஏறக்குறைய இந்தக் கேள்வியைத்தான் என்னிடம் கேட்டார். பதில் சொல்ல எனக்கு நா எழவில்லை.

நடந்தது இதுதான். அங்கே ஒரு கிராமத்து அரசுப் பள்ளியின் தலைமையாசிரியர் என் நண்பர். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் 42 பேரை ஒரு நாள் சுற்றுலாவாகச் சிதம்பரத்துக்கு அழைத்துப் போக ஏற்பாடு செய்திருந்தார். “கோயிலைக் காட்ட நான் போதும். பல்கலைக் கழகத்தைக் காட்ட நீங்கள் வரவேண்டும். கதை எழுதுகிறவர் சொன்னால் பிள்ளைகள் கேட்பார்கள்” என்றார். புகழ்ச்சிக்கு மயங்காத எழுத்தாளன் உண்டா? போனேன்.

விடியுமுன் பஸ் கிளம்பியது. பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் காடுகள் கழிந்து, அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரிகளின் புழுதி. ஜயங்கொண்டத்தைச் சுற்றி முந்திரித் தோப்புகள். கங்கைகொண்ட சோழபுரத்தில் கட்டுச்சோறு. வீராணம் ஏரியின் தென்கோடியை நெருங்கியதும் எங்கே பார்த்தாலும் தண்ணீர். வானத்தை நம்பிப் பயிர் செய்கிற வீட்டுப் பிள்ளைகள் ஜன்னலோரம் நெருக்கியடித்துக்கொண்டு அந்தத் தண்ணீரைப் பார்த்தார்கள்.

கோயிலைப் பார்த்த பிறகு அண்ணாமலைநகருக்குப் போனோம். 1920-இல் அண்ணாமலைச் செட்டியார் தொடங்கிய கல்லூரி 1929-இல் பல்கலைக் கழகமாக வளர்ந்ததையும், 2013-இல் சட்டம் இயற்றி அரசே அதை எடுத்துக்கொண்டதையும் சொன்னேன். இசையும் வேளாண்மையும் பொறியியலும் அங்கே கற்பிக்கிறார்கள். பரங்கிப்பேட்டைக் கடற்கரையில் கடல் உயிர்களை ஆராய்கிறார்கள் என்றேன். பிள்ளைகளின் கண்கள் விரிவதைப் பார்த்ததும் எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. “இதெல்லாம் உங்களுக்காகத்தான்” என்று கையை வீசிக் காட்டினேன்.

ஒரு பெண் மட்டும் பின்தங்கி வந்து, “இங்கே படிக்க எவ்வளவு சார் ஆகும்?” என்று மெல்லக் கேட்டாள்.

எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் மனம் வரவில்லை. “நன்றாகப் படி அம்மா, மற்றதெல்லாம் தானாக வரும்” என்றேன்.

ராத்திரி ஊர் திரும்பியதும் நண்பர் தலைகளை எண்ணினார். 42 சரியாக இருந்தது. பொறுப்பு முடிந்தது என்று நினைத்தோம்.

ஒரு மாதம் கழித்து அந்தப் பள்ளிக்குப் போயிருந்தபோது அவளுடைய தகப்பனார் என்னைத் தேடி வந்தார். கோபமாகப் பேசியிருந்தால் சமாளித்திருப்பேன். அவர் நிதானமாகப் பேசினார்.

“இவ அக்கா பன்னெண்டு முடிச்சா, கல்யாணம் பண்ணிக்கிட்டுப் போனா. அழுவல சார். இவ அழுவுறா. வெங்காயம் போட்டு விலை இல்லாமப் போன வருசம் இது. எங்கிட்ட இல்லாததை அவளுக்குக் காட்டுனது நீங்கதான். காட்டுனவங்க கொடுப்பீங்களா?”

அவர் சொன்னதில் நியாயம் இல்லையா? பசித்தவன் முன்னால் விருந்தைப் பற்றிப் பேசுவது நாகரிகம் அல்ல என்பது நமக்குத் தெரியும். அறிவுப் பசிக்கு மட்டும் அந்த நாகரிகம் வேண்டாமா? பார்க்காமலே இருந்திருந்தால் அந்தப் பெண் அழுதிருக்க மாட்டாள்.

ஆனால், அழாமல் இருந்தாளே அக்கா, அவள் சுகமாக இருந்தாள் என்று அர்த்தமா? அவளுக்கு ஆசை இல்லாமல் போகவில்லை. ஆசைப்பட ஒன்று இருப்பதே தெரியாமல் போயிற்று. ‘அவர்கள் பாட்டுக்கு நிம்மதியாக இருக்கிறார்கள், ஏன் கிளப்பிவிட வேண்டும்?’ என்று எத்தனை காலமாக எத்தனை பேரைப் பற்றிச் சொல்லிவந்தோம்! தகப்பனார் அப்படிச் சொல்வது வேதனை. வாய்ப்புப் பெற்ற நான் சொன்னால் அது சூழ்ச்சி.

அந்த மண்ணிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. 1855-இல் பிறந்த உ.வே. சாமிநாதையர் இளமையில் அங்கேதான் சுற்றித் திரிந்தார். தகப்பனார் ஊர் ஊராகக் கதை சொல்லிப் பிழைத்தவர். அரியலூர்ச் சடகோப ஐயங்கார் பையனுக்குத் தமிழ்ச் சுவையை ஊட்டினார். செங்கணம் விருத்தாசல ரெட்டியார் யாப்பிலக்கணம் கற்பித்தார்; தம்மைவிடப் பெரியவரான மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் பெருமையையும் எடுத்துச் சொன்னார். ஏழை வீட்டுப் பையனுக்கு எட்டாத ஆசை அது. அதனால் சொல்லாமல் விட்டிருக்கலாமா? 1871-இல் பையன் மாயூரம் போய்ப் பிள்ளையிடம் சேர்ந்தான். பழைய நூல்கள் ஏட்டிலிருந்து எழுந்து வந்தன. 1924 முதல் 1927 வரை அவரே சிதம்பரத்தில் மீனாட்சி தமிழ்க் கல்லூரிக்குத் தலைவராக இருந்தார்.

ஆனால் ஒன்று கவனியுங்கள். ரெட்டியார் சும்மா கையை வீசிக் காட்டவில்லை. தமக்குத் தெரிந்ததை உட்கார்ந்து சொல்லிக்கொடுத்துவிட்டு, பிறகுதான் மேலே காட்டினார். தகப்பனாரும் மாயூரம் வரை கூடவே போனார். நாங்கள் கட்டுச்சோறு தின்ற ஊரை ஆண்ட ராஜேந்திர சோழன் காலத்தில் எண்ணாயிரத்தில் ஒரு கல்லூரி இருந்தது. 340 மாணவர்கள், 14 ஆசிரியர்கள். அந்தக் கல்வெட்டு பாடத்தோடு நிற்கவில்லை. மாணவனுக்கு இவ்வளவு நெல் என்றும் சொல்கிறது. வேதம் ஓதும் பிள்ளைகளுக்கான இடம் அது; நம் பெண்ணுக்கு அங்கே இடம் கிடைத்திராது. என்றாலும், படிப்பைச் சொன்ன வாயால் சோற்றையும் சொல்லவேண்டும் என்ற புத்தி அவர்களுக்கு இருந்தது. எனக்கு இல்லை.

என் தவறு காட்டியதில் இல்லை. “தானாக வரும்” என்றேனே, அதில் இருக்கிறது. தானாக எதுவும் வராது என்பது அந்தத் தகப்பனாருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்தே சொன்னேன்.

தலைமையாசிரியரும் நானும் இரண்டு நாள் உட்கார்ந்து விசாரித்தோம். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண்கள் மேலே படித்தால் மாதம் 1,000 ரூபாய் தரும் திட்டம் 2022-இல் வந்திருக்கிறது. தகப்பனாருக்கு அது தெரியாது. வெட்கத்தை விட்டுச் சொன்னால், எனக்கும் சரியாகத் தெரியாது. அரியலூரிலேயே அரசுக் கல்லூரி இருக்கிறது. சிதம்பரத்துக்கு ஒன்று, அரியலூருக்கு ஒன்று என்று விண்ணப்பம் எழுதினோம். எது கிடைக்கும், கிடைக்குமா என்பது இன்னும் முடிவாகவில்லை.

கையெழுத்துப் போட்டுவிட்டு அவர் கேட்டார்: “அடுத்த வருசமும் பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டுப் போவீங்களா சார்?”

குறையாகக் கேட்டாரா, கோரிக்கையாகக் கேட்டாரா என்று தெரியவில்லை. போவேன் என்று சொன்னேன். இந்தத் தடவை எவ்வளவு ஆகும் என்பதை விசாரித்துக்கொண்டு போவேன்.