செந்தூர் மழைக்கு எதைக் கட்டிக்கிட்டுப் போறது?



போன கிருத்திகை அன்னிக்கு பஜனை முடிஞ்சு சுண்டல் குடுக்கிற நேரத்துல கொஞ்சம் பேசினேன். அதை எழுதிப் போடுங்கன்னு நாலஞ்சு பேர் கேட்டாங்க. கந்த சஷ்டிக்கு நம்ம திட்டக்குடியிலேர்ந்து திருச்செந்தூர் போற கூட்டம் வருஷா வருஷம் கூடிக்கிட்டே வருது. இந்தத் தடவை பேர் குடுத்தவங்கள்ல பாதிப் பேர் ஐப்பசிக் கடலை இதுக்கு முன்னாடி பார்த்ததே இல்ல. அவங்களுக்காகத்தான் எழுதுறேன். பழைய ஆளுங்க பொறுத்துக்கணும்.

அன்னிக்கு ஒரு தம்பி எழுந்து கேட்டார்: “மாமா, தினமும் சஷ்டி கவசம் பாடுறோம். கவசம் இருக்கும்போது ரெயின்கோட் எதுக்கு?” எல்லாரும் சிரிச்சாங்க. நானும்தான். ஆனா நல்ல கேள்வி அது. தேவராய சுவாமிகள் கவசத்தை எப்படி அமைச்சிருக்கார்னு பாருங்க. ‘முருகா, என்னைக் காப்பாத்து’ன்னு ஒரே வரியில முடிச்சிருக்கலாம். அவர் அப்படிப் பண்ணல. நெத்தி, கண், காது, மூக்கு, பல், கழுத்து, மார்புன்னு ஒவ்வொரு உறுப்பாப் பேர் சொல்லி, ஒவ்வொண்ணுக்கும் வேலைக் காவல் வைக்கிறார். ஒண்ணையும் விடாம யோசிச்சு அடுக்கின ஆள் அவர். கவசத்தை மனசு வச்சுப் பாடுறவன் பையை மட்டும் ஏனோதானோன்னு கட்ட மாட்டான்.

அதுமட்டுமில்ல. ஆறுபடை வீடுன்னு சொல்றோமே, படைவீடுன்னா என்ன? படை வந்து தங்குற பாசறை. மத்த தலமெல்லாம் மலையும் மலை சார்ந்த இடமுமா இருக்க, செந்தூர் மட்டும் கடற்கரை. சூரபத்மனோட வீரமகேந்திரபுரம் கடலுக்குள்ள இருந்துச்சு. சுவாமி படையோட இந்தக் கரையில வந்து இறங்கினார். இறங்கின உடனே சண்டைக்குப் போயிடல. வீரபாகுவைத் தூது அனுப்பினார். சிக்கல்ல அம்பாள்கிட்ட வேல் வாங்கின பிறகுதான் சூரசம்ஹாரத்துக்குப் போறார்னு நாகப்பட்டினத்துப் பக்கம் இன்னிக்கும் அஞ்சாம் நாள் வேல் வாங்கும் விழா எடுக்கிறாங்க. வேல் வாங்கும்போது அந்தச் சிங்காரவேலருக்கு வியர்க்குதுன்னு பட்டுத்துணியால ஒத்தி எடுப்பாங்க. சாமியே இவ்வளவு ஏற்பாட்டோட போன கரைக்கு நாம ஒரு மஞ்சப்பையோட போய் நின்னா எப்படி?

இப்போ மழைக்கு வர்றேன். நம்ம ஊர்ல மழை மேலேர்ந்து கீழ விழும். வெள்ளாத்துல தண்ணி வந்தாலும், வெலிங்டன் ஏரி நிரம்பினாலும், மழை மழையாத்தான் இருக்கும். செந்தூர்ல ஐப்பசி மழை பக்கவாட்டுல வரும். கடல்லேர்ந்து காத்து தள்ளிக்கிட்டு வரும். கூரைக்குக் கீழ நின்னாலும் இடுப்புக்குக் கீழ நனைஞ்சுடும். குடையைக் கடற்கரையில விரிச்சா காத்து அப்படியே மேல திருப்பிடும். லட்சக்கணக்கான கூட்டத்துல அந்தக் கம்பி யார் கண்ணுல குத்தும்னு சொல்ல முடியாது. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் குடை போதும். சம்ஹாரத்தன்னிக்கு சாயங்காலம் கரைக்குப் போகும்போது தலையோட மூடுற பிளாஸ்டிக் கோட்டுதான். விலை கம்மிதான், கிழிஞ்சா கிழிஞ்சுட்டுப் போகுது. ஆனா கிழிஞ்சதை மணல்ல போட்டுட்டு வராதீங்க, அடுத்த அலையில கடலுக்குப் போயிடும்.

துணி விஷயத்துல எல்லாரும் ஏமாறுவாங்க. கடல்ல குளிச்ச வேட்டியை அப்படியே பிழிஞ்சு கொடியில போட்டா காயவே காயாது. காய்ஞ்ச மாதிரி தெரியும், ராத்திரி காத்து பட்டதும் திரும்பப் பிசுபிசுன்னு ஆயிடும். உப்பு ஈரத்தை இழுக்கும், அவ்வளவுதான் காரணம். கடலாடிட்டு நாழிக்கிணத்துல குளிக்கணும்னு பெரியவங்க வச்சதுல உடம்புக்கு ஒரு நியாயம் இருக்கு. கடலுக்கு அத்தனை பக்கத்துல அந்தக் கிணத்துல நல்ல தண்ணி ஊறுறது அவன் அருள். துணியையும் அதே மாதிரி நல்ல தண்ணியில ஒரு தடவை அலசிட்டுக் காயப் போடுங்க. கனமான சமுக்காளம் வேண்டாம், நனைஞ்சா தூக்கவே முடியாது. பழைய நூல் சேலை ரெண்டு மடிச்சு வச்சா விரிக்கவும் ஆச்சு, போத்திக்கவும் ஆச்சு. ஆம்பளைங்க சந்நிதிக்குள்ள சட்டையில்லாமத்தான் போகணும். மணிக்கணக்கா வரிசையில ஈர உடம்போட நிக்கிறவங்களுக்குத் தடிமனா ஒரு துண்டு இருந்தா பெரிய உதவி. பன்னீர் இலை விபூதி வாங்கினா இறுக்கமா மூடுற எவர்சில்வர் டப்பாவுல வைங்க. காகிதத்துல மடிச்சா வீடு வர்றதுக்குள்ள இலையும் விபூதியும் ஒண்ணா ஒட்டிக்கும். பொரி கொண்டுவராதீங்க, நமுத்துடும். அவலும் வெல்லமும் போதும்.

சர்க்கரை, பிரஷர் உள்ளவங்க ஆறு நாளும் வெறும் வயித்தோட இருப்பேன்னு அடம் பிடிக்க வேண்டாம். டாக்டரைக் கேட்டுட்டு வாங்க. மாத்திரை விஷயத்தை இத்தோட விட மாட்டேன், அதுக்குத்தான் இவ்வளவும் எழுத வந்தேன்.

நான் இருபது வருஷத்துக்கு மேல விருத்தாசலத்துல பீங்கான் பொம்மைப் பட்டறைகள்ல பேக்கிங் வேலை பார்த்தவன்னு உங்களுக்குத் தெரியும். பிள்ளையார், மயில், அகல் விளக்குன்னு வைக்கோல் சுத்தி, பெட்டியில அடுக்கி, லாரியில ஏத்துவோம். எங்க மேஸ்திரி ஒண்ணு சொல்வார்: பெட்டிக்குள்ள இடைவெளி விடாதே, ஆடுற பொருள்தான் உடையும். அந்தக் கையோட நான் கட்டின பை பிரிஞ்சதா சரித்திரமே இல்ல. அந்தப் பெருமை எனக்கு நிறைய இருந்துச்சு.

பதினோரு வருஷத்துக்கு முன்னாடி எங்க அம்மாவைக் கந்த சஷ்டிக்குக் கூட்டிட்டுப் போனேன். அம்மாவுக்கு அப்போ எழுபத்திமூணு வயசு. செந்தூர்ல சம்ஹாரம் பார்க்கணும்னு ரொம்ப நாளாக் கேட்டுக்கிட்டிருந்தாங்க. கிளம்புறதுக்கு முந்தின நாள் மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர்கிட்ட போய், பயணம் நல்லபடியா முடியணும்னு பிராது கூட கட்டிட்டு வந்தோம். வீட்டுக்கு வந்து பூஜைப் பையை நான்தான் கட்டினேன். சுவாமி படத்துக்கு மூணு கவர். கவசப் புத்தகம் இருபதுக்கும் தனித்தனியா கவர். கற்பூரம், ஊதுபத்தி, எல்லாத்தையும் சுத்தி, இடைவெளி விடாம அடைச்சு, மேல தார்ப்பாய்த் துண்டு போட்டுக் கட்டினேன். அம்மா தன் துணியை ஒரு வயர் கூடையில எடுத்து வச்சிக்கிட்டாங்க. அந்தக் கூடையை நான் திரும்பிக்கூடப் பார்க்கல.

அஞ்சாம் நாள் ராத்திரி. விரதக்காரங்களுக்குப் போட்டிருந்த கொட்டகையில படுத்திருந்தோம். ஒரு மணி இருக்கும், காத்தும் மழையும் ஒண்ணா வந்துச்சு. பக்கவாட்டுல அடிச்சு எல்லாத்தையும் நனைச்சிடுச்சு. நான் எழுந்ததும் ஓடிப்போய் முதல்ல எடுத்தது பூஜைப் பையை. நெஞ்சோட சேர்த்துப் பிடிச்சுக்கிட்டு உள்பக்கமா ஓடினேன். பிரிச்சுப் பார்த்தேன், ஒரு சொட்டு ஈரம் இல்ல. ‘முருகா!’ன்னு கையெடுத்துக் கும்பிட்டேன். அப்புறம்தான் அம்மா ஞாபகம் வந்துச்சு.

அம்மா நாங்க படுத்திருந்த அதே எடத்துல, தூணோரமா உட்கார்ந்திருந்தாங்க. கட்டியிருந்த சேலை, கூடையில இருந்த ரெண்டு சேலை, எல்லாம் ஊறிப்போச்சு. உடம்பு நடுங்குது. பிரஷர் மாத்திரையைக் காகிதக் கவர்ல போட்டுக் குடுத்திருந்தாங்க. அது கரைஞ்சு மாவா கூடையோட அடியில ஒட்டியிருக்கு. என்னைப் பார்த்ததும் அம்மா கேட்டது, “சாமி நனையலையே?” நான் பதில் சொல்லல. என்ன பதில் சொல்றது?

நீங்க எல்லாரும் கேட்ட கதைதான், ஆனா அன்னிக்கு ராத்திரி எனக்கு அது வேற மாதிரி புரிஞ்சுது. 1648 வாக்குல ஒல்லாந்தர்கள், அதான் டச்சுக்காரங்க, செந்தூர்க் கோயிலைப் பிடிச்சு வச்சிருந்தாங்க. போகும்போது சண்முகரையும் நடராஜரையும் கப்பல்ல ஏத்திக்கிட்டாங்க. நடுக்கடல்ல புயல். பயந்துபோய் விக்கிரகங்களைக் கடல்ல போட்டுட்டாங்கன்னு தல வரலாறு சொல்லுது. 1653-ல் வடமலையப்ப பிள்ளை கனவுல சுவாமி வந்து, எலுமிச்சம்பழம் மிதக்கும், மேல கருடன் வட்டமிடும், அங்க தேடுன்னு அடையாளம் சொல்ல, அவர் படகுல போய் எடுத்துட்டு வந்தார். ஒல்லாந்தருக்கு அவர் சரக்கு. ஏத்தும்போது விலை பார்த்தாங்க, காத்து அடிச்சதும் பாரமாப் போயிட்டார். நான் ஒல்லாந்தன் இல்ல, சாமியை நெஞ்சோட பிடிச்சிருந்தேன். ஆனா காத்து அடிச்சதும் கரையில விட்டுட்டு ஓடினது யாரைன்னு யோசிச்சப்போ, அவங்களைத் திட்ட எனக்கு வாய் வரல.

அம்மாவுக்குப் பக்கத்துல ஒரு அம்மா படுத்திருந்தாங்க. எந்த ஊர்னு தெரியல, பேச்சு தெக்கத்திப் பேச்சு. என்னை ஒரு பார்வை பார்த்தாங்க, ஒண்ணும் சொல்லல. தலைமாட்டுல வச்சிருந்த உர மூட்டையோட உள்கவரைப் பிரிச்சாங்க. அதுக்குள்ள அரக்குக் கலர்ல, மஞ்சக் கரை போட்ட நூல் சேலை ஒண்ணு, மொறமொறன்னு காய்ஞ்சு இருந்துச்சு. “ஆச்சி, இதக் கட்டிக்கிடுங்க”ன்னு சொல்லி, தன் முந்தானையை மறைப்பாப் பிடிச்சு அம்மாவுக்கு உடுத்திவிட்டாங்க. தலையைத் துவட்டிவிட்டாங்க. விடிஞ்சதும் நான் ஓடிப்போய் மருந்துக்கடையில சீட்டைக் காட்டி மாத்திரை வாங்கிட்டு வந்தேன். திரும்பி வர்றதுக்குள்ள அந்த அம்மா கூட்டத்தோட போயிட்டாங்க. அன்னிக்கு சாயங்காலம் அந்தச் சேலையோடதான் எங்க அம்மா சம்ஹாரம் பார்த்தாங்க.

செந்தூர் மழையை லேசா நினைக்கிற தம்பிகளுக்கு 2023 டிசம்பரை ஞாபகப்படுத்துறேன். மார்கழி பிறந்த அன்னிக்கு, 17-ந் தேதி. பக்கத்துல இருக்கிற காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் மழை. அந்த மாவட்டத்துக்கு ஒரு வருஷம் முழுக்கப் பெய்யிற மழையைவிட அதிகம். அன்னிக்கு ராத்திரி திருச்செந்தூர்லேர்ந்து சென்னைக்குக் கிளம்பின செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனோட நின்னுபோச்சு. அதுக்கு மேல தண்டவாளத்துக்கு அடியில இருந்த ஜல்லியை வெள்ளம் அடிச்சிட்டுப் போயிருந்துச்சு. சுமார் 800 பயணிகள். சுத்தி எங்க பார்த்தாலும் தண்ணி. ஹெலிகாப்டர்ல சாப்பாடு வர்ற வரைக்கும் அவங்களைப் பட்டினி போடாம வச்சது பக்கத்துல இருக்கிற புதுக்குடி கிராமத்து ஜனங்க. அவங்க ஊரும் வெள்ளத்துலதான் இருந்துச்சு. இருந்த அரிசியை வடிச்சுக் கொண்டுவந்து குடுத்தாங்க. சாமி கும்பிட்டுத் திரும்பின கூட்டம், தரிசனம் செந்தூரோட முடிஞ்சுதுன்னு நினைச்சிருக்கும்.

அதனால இந்த வருஷம் நான் ஒரு கண்டிப்பு வச்சிருக்கேன். அவங்கவங்க பையைத் தனியாக் கட்டிக்கிட்டு பஸ் ஏறக் கூடாது. வயசானவங்க பையை வீட்டுல இளையவங்க யாராவது ஒருத்தர் பிரிச்சுப் பார்த்துக் கட்டணும். மாத்திரையைக் காகிதக் கவர்லேர்ந்து எடுத்து மூடி போட்ட டப்பாவுல மாத்தி, மருந்துச் சீட்டை ஒரு ஜிப் கவர்ல வச்சு, ரெண்டு நாளைக்கு அதிகமாவே வைங்க. ரயிலோ பஸ்ஸோ நின்னா அதுதான் கை குடுக்கும். தொடர்புக்கு ஒரு போன் நம்பரைத் துண்டுச் சீட்டுல எழுதி அவங்க இடுப்புச் சுருக்குப்பையில போட்டுடுங்க. செல்போன் நனைஞ்சா நம்பரும் அதோட போயிடும். அப்பா அம்மாவுக்குச் செய்யிறதுக்கு மாமன் மகன் வரணும்னு காத்திருக்காதீங்க.

பூஜைப் பைக்கு இப்பவும் மூணு கவர் போடத்தான் போடுறேன். அதுல குறை வைக்கல.

அந்த அரக்குச் சேலையை அம்மா துவைச்சு மடிச்சு வச்சு, அடுத்த வருஷம் திருப்பிக் குடுக்கணும்னு எடுத்துட்டு வந்தாங்க. கொட்டகை கொட்டகையாத் தேடினாங்க, ஆளைக் காணோம். அதுக்கு அடுத்த வருஷமும் தேடினாங்க. நாலாவது வருஷம் அம்மாவால வர முடியல, “நீ பார்த்துக் குடுத்துடு”ன்னு என்கிட்ட குடுத்தனுப்பினாங்க. அம்மா முருகன் பாதம் சேர்ந்து அஞ்சு வருஷம் ஆச்சு. நடுவுல ரெண்டு தடவை, நனைஞ்சுபோய் நின்ன ரெண்டு பேர் அதைக் கட்டிக்கிட்டாங்க, காலையில திருப்பிக் குடுத்துட்டாங்க. அந்த தெக்கத்தி அம்மா முகம் எனக்கு இப்போ சரியா ஞாபகம் இல்ல. எதிர்ல வந்தாலும் கண்டுபிடிப்பேனான்னு சந்தேகம்தான். இருந்தாலும் சேலை இந்த வருஷமும் வருது. உள்கவர் மட்டும் இத்துப்போச்சு, உரக்கடையில சொல்லி வேற வாங்கி வச்சிருக்கேன்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!