மயங்கியவரின் உடல் யாருடையது?

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரை படுவான்கரை. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும் வரை அந்தத் துறையில் வாவியைக் கடக்கப் படகுப்பாதையைத்தான் நம்பியிருந்தார்கள். இன்றும் வயல்வேலையைப் போட்டுவிட்டு பஸ் பிடித்து வந்து, மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் ஹேர்னியாவுக்கோ பித்தப்பைக் கல்லுக்கோ படுக்கிற படுவான்கரை மனிதர், தான் அறியாமலே இன்னொரு வேலையும் செய்கிறார். கிழக்குப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர்களுக்கு அவர் உடல்தான் பாடம். ‘சேர்ஜரி அப்பொயின்ட்மென்ட்’ என்று அவர்கள் சொல்லும் சத்திரசிகிச்சைப் பயிற்சியில் வாட்டிலே வயிற்றைத் தொட்டுப் பார்க்க வரும் மாணவரிடம், விழித்திருக்கும்போது அவர் “வேண்டாம் தம்பி” என்று சொல்லிச் சாரத்தை இழுத்துவிடலாம். மயக்கமருந்து ஏறிய பிறகு அந்த வார்த்தை அவரிடம் இல்லை. அப்போது அந்த உடல் யாருடையது?

தியேட்டருக்குள் இந்தக் கேள்வி மறந்துபோவது எளிது. நோயாளரின் முகம் துணித் திரைக்கு அப்பால் போய்விடுகிறது. உடம்பெல்லாம் பச்சைத் துணி. நடுவில் சதுரமாக விட்ட இடைவெளியில் பொவிடோன் அயடின் பூசிப் பழுப்பேறிய ஒரு சாண் தோல். ரிட்ராக்டரைப் பிடித்து நிற்கும் மாணவரின் கண்ணுக்கு அவ்வளவுதான் மனிதர். மூச்சைக்கூடப் பெரும்பாலும் இயந்திரமே விடுகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதத்தின் மூன்றாம் சூத்திரத்தில் உயிர் உண்டென்று நிறுவும்போது ஏறக்குறைய இந்த நிலையைத்தான் எடுத்து ஆராய்கிறார். உறக்கத்தில் மூச்சு ஓடுகிறது, ஆனால் நுகர்ச்சியும் செயலும் இல்லை. ஆகவே மூச்சு உயிரன்று. ‘என் உடல்’ என்று ஒருவர் சொல்வதால் உடல் வேறு, உடையவர் வேறு. நான்காம் சூத்திரம் இதைத் தொடர்ந்து, உயிர் நனவிலிருந்து ஆழ்ந்த உறக்கத்துக்கும் அதற்கப்பாலும் இறங்கும் ஐந்து அவத்தைகளை, அதாவது நிலைகளை, பேசுகிறது. புலன், மனம் முதலிய கருவிகள் ஒவ்வொன்றாக ஓய்கின்றன. உயிர் ஓரிடமும் போய்விடவில்லை. மயக்கமருந்து ஓயவைப்பதும் கருவிகளைத்தான். வீட்டுக்காரர் உறங்குகிறார் என்பதால் வீடு பொதுச்சொத்தாகிவிடாது. வாவிக்கரையின் மற்றச் சமயத்தவருக்கும் இது அந்நியமான எண்ணமன்று. காத்தான்குடியிலோ ஏறாவூரிலோ முஸ்லிம்களைக் கேட்டால், உடம்பு இறைவன் நம்பி ஒப்படைத்த பொருள், அமானிதம் என்பார்கள். அமானிதத்தில் இன்னொருவர் கேளாமல் கைவைக்க இடமில்லை.

‘அவருக்கே தெரியாத ஒன்று அவரை எப்படிப் பாதிக்கும்?’ என்று கேட்கலாம். வலி மட்டுமே தீங்கு என்றால் அந்த வாதம் நிற்கும். ஆனால் மயக்கத்திலிருக்கும் பெண்களுக்கு அவர்களைக் கேளாமலே பயிற்சிக்காக இடுப்பறைப் பரிசோதனை செய்த வழக்கம் அமெரிக்காவில் வெளிச்சத்துக்கு வந்தபோது, வலி ஏதும் உணராதவர்களே பெரிதும் கொதித்தார்கள். 2024 ஏப்ரலில் அந்நாட்டு அரசு, இத்தகைய பரிசோதனைகளுக்கு முன்பே எழுத்துமூல ஒப்புதல் பெறவேண்டும் என்று வைத்தியசாலைகளுக்கு அறிவுறுத்தியது. அந்தப் பெண்கள் இழந்தது ‘என் உடல்’ என்று சொல்லும் உரிமையை. இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது: கத்தி பிடிக்கிறவர் ஒரு தாயின் வயிறு என்று நினைத்தால் கை நடுங்கும், பற்றற்ற மனம் வேண்டும். உண்மைதான், பச்சைத் துணி அதற்காகவும் உதவுகிறது. ஆனால் பற்றின்மை கைக்குத் தேவையான ஒழுக்கம்; கேளாமல் தொடுவதற்கான அனுமதிச்சீட்டாக அதை மாற்றக்கூடாது. உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட சத்திரசிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியலின் முதற்படியே மயக்கமருந்துக்கு முன் வருவது. தன் பெயர், செய்யப்போகும் சிகிச்சை, அதன் இடம், தன் ஒப்புதல் ஆகியவற்றை நோயாளரே உறுதிசெய்ய வேண்டும். பெயர் கேட்டதனால் எந்தச் சத்திரசிகிச்சை நிபுணரின் கையும் நடுங்கியதில்லை.

‘எல்லாரையும் கேட்டுக்கொண்டிருந்தால் எல்லாரும் மறுப்பார்கள், பிறகு டொக்டர்கள் எப்படி உருவாவது?’ என்பது கடைசி மறுப்பு. சிகிச்சை இலவசம், ஆகவே நோயாளரும் விட்டுக்கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் இதன் அடியில் கிடக்கிறது. ஆனால் மாணவரின் படிப்பும் இலவசமே. 1945 முதல் இலங்கையில் நிலைத்த இலவசக் கல்விக்குப் படுவான்கரை விவசாயி வாங்கும் சீனியிலும் மாவிலும் சேரும் வரியும் போகிறது. ஆக அவர் கடனாளி அல்லர். மாணவருக்கு ஒருமுறை பணத்தாலும் மறுமுறை உடம்பாலும் கொடுக்கிறவர். கேட்டு வாங்கினால் அது தானம், அவர் ஆசிரியர். கேளாமல் எடுத்தால் அவர் வெறும் கருவி. சிலர் மறுக்கத்தான் செய்வார்கள். மறுக்க முடியாத இடத்தில் பெற்ற சம்மதத்துக்குச் சம்மதம் என்ற பெயர் பொருந்தாது.

ஆகவே மாணவர் செய்யவேண்டியது சிறிய காரியம். சத்திரசிகிச்சைக்கு முதல்நாள் கட்டிலருகே போய், தன் பெயரைச் சொல்லி, தான் இன்னும் படிக்கிறவர் என்பதையும் சொல்லி, நாளைக்கு என்ன செய்யப்போகிறார் என்று விளக்கி, சம்மதமா என்று கேட்கவேண்டும். தமிழ் தெரியாத மாணவர் இந்த நான்கு வாக்கியங்களையாவது தமிழில் படித்துக்கொள்ளவேண்டும். மறுநாள் மேசையில் கிடப்பவரால் பதில் சொல்ல முடியாது.