மாடிப்படியும் நீதியும்



ஏழைகளுக்கென்று அரசாங்கம் கட்டிய மாடிக் குடியிருப்பு ஒன்றில் குலுக்கல் முறையில் வீடுகளைப் பங்கிடுவதாக வைத்துக்கொள்வோம். நடக்கமாட்டாத முதியவர் ஒருவருக்கு மூன்றாம் மாடி விழுகிறது. லிப்ட் கிடையாது. திடகாத்திரமான வாலிபர் ஒருவருக்குக் கீழ்வீடு விழுகிறது. "எல்லாருக்கும் ஒரே குலுக்கல்தானே, இதில் அநீதி எங்கே?" என்று ஒருவர் கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள்?

குலுக்கலில் பட்சபாதம் இல்லை என்பது மெய்யே. சிபாரிசும் கைக்கூலியும் புகாமல் அது தடுக்கிறது. ஆனால் பட்சபாதம் இல்லாததெல்லாம் நீதியாகிவிடுமா? பொதுப்பொருளைப் பங்கிடும்போது எல்லாருக்கும் ஒரே அளவாகக் கொடுப்பதல்ல, ஆளுக்குத் தக்கபடி கொடுப்பதே நீதி என்று அர்ச். தோமாஸ் அக்குவீனாஸ் போதிக்கிறார். ஏறமுடியாத வீட்டின் சாவியைக் கொடுப்பது வீடு கொடுத்ததாகாது. தூக்கிக்கொண்டுபோய் மேலே விட்டாலோ, அவருக்கு அது இறங்கமுடியாத சிறை.

நம் தேசத்துச் சட்டமும் இதை ஒப்புக்கொள்கிறது. 2016-ம் வருடத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அரசாங்க வீட்டுத் திட்டங்களில் நிர்ணயித்த அளவுக்குக் குறையாத குறைபாடுள்ளவர்களுக்கு 5 சதவீதம் ஒதுக்கச் சொல்கிறது. 2015-ல் தொடங்கிய பிரதம மந்திரி நகர்ப்புற வீட்டுத் திட்டத்தின் விதிகள், முதியோரும் மாற்றுத்திறனாளிகளும் உள்ள குடும்பங்களுக்குக் கூடுமானவரை தரைத்தளத்தையோ கீழ்மாடிகளையோ தரச் சொல்லின. ஆகையால் கீழ்வீடு கேட்கிறவர் பிச்சை கேட்கவில்லை, தமக்குரியதைக் கேட்கிறார்.

ஆனால் "கூடுமானவரை" என்ற சொல்லைக் கவனியுங்கள். சட்டம் தயங்கி நிற்கிற அந்த இடத்தில்தான் அயலானுடைய கடமை ஆரம்பமாகிறது.

பிரான்சு தேசத்தில் 1839-ம் வருடக் குளிர்காலத்தில் ஜான் ஜூகான் என்ற ஏழைப் பெண், கண்தெரியாத, பாதி உடல் முடங்கிய கிழவி ஒருத்தியைத் தன் இருப்பிடத்துக்குக் கொண்டுவந்து, தன் கட்டிலையே கொடுத்தாள். தான் பரணில் படுத்துக்கொண்டாள். 1841-ல் இன்னும் அநேக முதியோருக்கு இடம் வேண்டியபோது அவள் வாடகைக்கு எடுத்தது, கீழ்த்தளத்திலிருந்த ஒரு பெரிய அறை. 2009-ல் திருச்சபை அவளை அர்ச்சியசிஷ்டவளாகப் பிரகடனம் செய்தது.

குலுக்கலில் கீழ்வீடு கிடைத்தவர் பாவி என்று நான் சொல்லவில்லை. அவருக்கும் குழந்தை குட்டிகள் உண்டு. ஆயினும் அதிகாரிகளின் சம்மதத்தோடு மாற்றிக்கொள்ள வழியிருந்தால், அவர் இழப்பது கொஞ்சம் சௌகரியம். மற்றவர் அடைவதோ தெருவையும் கோயிலையும் ஆஸ்பத்திரியையும்.

அதற்காக அரசாங்கத்தின் கடன் தீர்ந்துவிடாது. பிறர்சிநேகம் நீதிக்குப் பதிலாகாது.

இந்த வாரம் உங்கள் தெருவில் மாடியிலிருந்து இறங்காத முகம் எது என்று பாருங்கள். ஏறிப்போய் விசாரியுங்கள். மனு எழுதவேண்டுமானால் உட்கார்ந்து எழுதிக்கொடுங்கள்.

உங்கள் பங்குக் குரு