சப்தமில்லாத தேய்மானம்



எலும்பு முறிந்தால் வலியால் துடிக்கிறோம், மாவுக்கட்டு போடுகிறோம். அதில் இரத்த ஓட்டம் இருப்பதால் சில வாரங்களில் கூடிவிடுகிறது. எலும்போடு எலும்பு உரசாமல் மூட்டில் காக்கும் குருத்தெலும்பு அப்படியல்ல. அதில் இரத்தக் குழாயுமில்லை, நரம்புமில்லை. தேயும்போது அது வலியைச் சொல்லாது. தேய்ந்தபின் எளிதில் வளராது. முழங்கால் மடங்காமல் நாற்காலியில் தொழும்போதுதான் அதை நினைக்கிறோம்.

குடும்பத்திலும் இப்படிச் சிலர் உண்டு. உரசல் வராமல் இடையில் நின்று தாங்கும் மனைவி, மூத்த சகோதரி. அவர்கள் முறையிடவில்லை என்பதால் நாம் அநீதி செய்யவில்லை என்றாகுமா? ஆகாது. அடியார்களின் உரிமை, வாய் திறந்து கேட்டவருக்கு மட்டும் உரியதல்ல.

மூட்டு அசைய அசைய, மூட்டுத் திரவத்திலிருந்து குருத்தெலும்புக்கு ஊட்டம் சேர்கிறது. உறவுக்கு அந்த அசைவு, நலம் விசாரிப்பதுதான். இன்றே விசாரியுங்கள். அல்லாஹ் நம் உறவுகளைச் சீராக்குவானாக! ஆமீன்.